ஆயாக்கொட்டகையும் சம்பள வேலையும்

ஜொகூரின் பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் கிராமப் பெண்களின் சம்பள வேலை நெடுங்காலம் அன்னாசி, ரப்பர், செம்பனை என்ற மூன்று பயிர்களையே நம்பியிருந்தது. கரிமண் நிலத்தில் அன்னாசிக் கன்று நட்டதும், களை பறித்ததும், உதிரிப் பழம் பொறுக்கியதும் பெண்களின் கைகளே. 1920களின் இறுதியில் மலாயாத் தோட்டங்கள் பலவற்றில் நிர்ணயிக்கப்பட்ட தரக்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அந்தக் குறைந்த கூலிக்கும் அவர்கள் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றார்கள்.

அதற்கு வழிசெய்தது தோட்டத்துப் பிள்ளைக் காப்பகமான ஆயாக்கொட்டகை. இன்றைய பட்டதாரிகள் பலருடைய பாட்டிமார், தூங்கும் பிள்ளையை இருட்டில் அங்கே தூளியில் கிடத்திவிட்டே பால்மரம் வெட்டப் போனார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆயா இருந்தார், லயத்திலிருந்து நடக்கும் தூரம், செலவு நிர்வாகத்தினுடையது. தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைக்கும் கடமையை, தொழிலாளர் குடியிருப்பு வசதிகள் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டமும் வலியுறுத்துகிறது. ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது, ஆயாக்கொட்டகை மட்டும் கூட வரவில்லை.

பெண்களை வேலைக்கு இழுப்பவை தெளிவானவை: பிள்ளையின் படிப்புச் செலவு, கூட்டுச் சீட்டுக் கட்ட ஒரு தொகை, தன் பெயரில் ஓர் ஊழியர் சேமநிதிக் கணக்கு. 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்; அதில் ஆண், பெண் வேறுபாடு இல்லை. 2023இல் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது.

ஆயினும் மலேசியாவில் வேலைக்கு வரும் வயதுப் பெண்களில் சுமார் 56 விழுக்காட்டினரே தொழிலாளர் படையில் உள்ளனர். ஆண்களில் அது 80ஐத் தாண்டுகிறது. வெளியே நிற்கும் பெண்கள் பெரும்பாலும் சொல்லும் காரணம் வீட்டு வேலையும் குடும்பப் பொறுப்பும். கம்பெனி பஸ் வராத கம்பங்கள், இரவு ஷிப்ட், படுக்கையிலிருக்கும் மாமியார் ஆகியவை அதனுடன் சேர்கின்றன. சொந்தக் குடும்பத்தின் அன்னாசி நிலத்தில் உழைப்பவருக்கோ சம்பளச் சீட்டே கிடையாது. கிராமத்துப் பெண்ணுக்கு வேலை செய்ய மனமில்லை என்ற பேச்சு அநியாயமானது. பிள்ளையை விட இடமிருந்த காலத்தில் அவர் வேலைக்கு வந்தார்.

இன்றைய பட்டதாரிகளில் சிலர் நாளை தொழிற்சாலை மேலாளராகவும் மாவட்ட அதிகாரியாகவும் அமர்வார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் கொடுக்குமுன், அவர்கள் வேலையிடத்துக்கு அருகே ஒரு பிள்ளைக் காப்பகத்தைத் திறக்க வேண்டும்.