விரல்தான் துப்பாக்கி

கென்ட்ரிக் லமாரோட 'ஆல்ரைட்' வீடியோ, 2015. கென்ட்ரிக்கும் நண்பர்களும் உட்கார்ந்திருக்கிற காரை நாலு போலீஸ்காரங்க பல்லக்கு மாதிரி தூக்கிட்டு வர்றாங்க. பார்த்ததும் சிரிச்சுட்டேன். ஆனா முடிவுல ஒரு வெள்ளைக்கார போலீஸ்காரர் விரலைத் துப்பாக்கி மாதிரி நீட்டுறார். தெருவிளக்குக் கம்பத்து மேல நிக்கிற கென்ட்ரிக் கீழே விழறார்.

மிகைன்னு தோணுதா? 2014 நவம்பர்ல, கிளீவ்லேண்ட்ல, பொம்மைத் துப்பாக்கி வெச்சிருந்த 12 வயசு கறுப்பினச் சிறுவன் தமிர் ரைஸை போலீஸ் சுட்டுக் கொன்னுது.

வீடியோவோட கடைசி ஷாட்ல, தரையில கிடக்கிற கென்ட்ரிக் சிரிக்கிறார். 2015 ஜூலையில அதே கிளீவ்லேண்ட்ல, 14 வயசுப் பையனைப் பிடிச்ச போலீஸை எதிர்த்து நின்ன கூட்டம் இந்தப் பாட்டோட பல்லவியையே கோஷமா எழுப்புச்சு. விழுந்தவனைத் தூக்கிவிட ஆள் இருக்குன்னுதான் அந்தச் சிரிப்பை நான் எடுத்துக்கறேன்.