பாலும் கிருமியும்

சிங்கப்பூரின் மேற்கே பூன் லே என்றோர் இடம் இருக்கிறது. 1933இல் காலமான சியூ பூன் லே என்பவர் அந்த ஜூரோங் வட்டாரத்தில் முதலில் காம்பியர் பயிரிட்டார். பிறகு ரப்பர் போட்டார். மரங்கள் போய்விட்டன, அவர் பெயர் நின்றுவிட்டது. அதற்குப் பக்கத்தில்தான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் பேசுமுன், நமக்குத் தெரிந்த பாலிலிருந்தே தொடங்குவோம்.

ஆசிட் விட்டதும் பால் ஏன் உறைகிறது? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள் ஒவ்வொன்றின் மேலும் எதிர் மின்னேற்றம் இருக்கிறது. ஒரே வகை மின்னேற்றம் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே அவை ஒட்டாமல் மிதக்கின்றன. ஆசிட் அந்த மின்னேற்றத்தைப் போக்கிவிடுகிறது. துகள்கள் கூடிக் கட்டியாகின்றன.

பாக்டீரியாக்களின் மேற்பரப்பும் பெரும்பாலும் எதிர் மின்னேற்றம் உடையதுதான். அப்படியானால், நேர் மின்னேற்றம் கொண்ட பரப்பு அவற்றை இழுக்க வேண்டுமல்லவா? இழுக்கிறது. 2011இல் நன்யாங்கின் பேராசிரியர் மேரி சான் குழுவினர் சிட்டோசான் என்ற பொருளை மாற்றியமைத்து, பஞ்சு போன்ற ஒரு பூச்சு செய்து வெளியிட்டார்கள். அது பாக்டீரியாவின் சவ்வைத் தன் துளைகளுக்குள் உறிஞ்சிக் கொன்றுவிடுகிறது. சிட்டோசான் எதிலிருந்து வருகிறது தெரியுமா? நாம் குப்பையில் எறியும் இறால், நண்டு ஓடுகளிலிருந்து!

கொல்வது ஒரு பயன். பிடித்து அடையாளம் காண்பது இன்னொன்று. தோட்டத்து வீடுகளுக்கு இதுவே பெரிது என்று நினைக்கிறோம். கிணற்று நீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தும் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வருவதுண்டு. நீரைச் சோதிக்க, 100 மில்லி லிட்டரை நுண்துளைத் தாளில் வடிகட்டி, அந்தத் தாளைக் கிருமி வளரும் கூழின்மேல் வைத்து, 44 பாகை செல்சியசில் ஒரு நாள் காத்திருக்கிறார்கள். ஈ.கோலை ஒன்றுகூட முளைக்கக் கூடாது. ஆனால் அந்த ஒரு நாளில் பிள்ளை எத்தனை குவளை குடித்திருக்கும்? முடிவு வரும்வரை தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே கொடுங்கள்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே பிடிக்கும் பரப்புகளைத் தேடுகிறார்கள். மின்னேற்றம் மட்டும் போதாது. சேறும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே எதுவும் எளிதில் ஒட்டாத பாலிமரைப் பூசி, அதன்மேல் வேண்டிய கிருமிக்கு மட்டும் கொக்கி வைக்கிறார்கள். ஈ.கோலை பலவற்றின் மயிரிழைகள் மானோஸ் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும். அந்தச் சர்க்கரையே கொக்கி.

இன்னொரு வழி, ஆன்டிபாடி பூசிய பாலிமர் மணிகள். உரிய கிருமி இருந்தால் பால் போன்ற அந்தக் கலவை சில நிமிடங்களில் திரிதிரியாகத் திரளும். இம்முறைக்கு லாடெக்ஸ் சோதனை என்றே பெயர். ஆனால் கிருமிகள் ஏராளமாக இருந்தால்தான் திரட்சி கண்ணுக்குத் தெரியும். கிணற்று நீரில் ஒன்றிரண்டே இருந்தால், இன்னமும் முதலில் வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.