வாய்க்காலைப் போல் வடிகாலையும் பேணுவோம்



வாய்க்காலைத் துப்புரவாக்குவதிற் காட்டும் கரிசனையை வடிகாலிலும் காட்டுகின்றீர்களா?

உலர் வலயத்திலே, மேட்டு நிலத்துச் செங்கபில மண்ணில் நீர் இலகுவில் வடியும். பள்ளத்து வயல்களிலோ மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்கும். வேருக்குக் காற்றுக் கிடையாது. மிளகாயும் வெங்காயமும் அழுகும். அந்நீர் வெயிலில் ஆவியாகும்போது, அதிற் கரைந்துள்ள உப்பு மண்ணிலே தங்கும். ஆண்டுதோறும் இவ்வாறு நிகழின் நல்ல வயலும் உவராகும். உவரைக் கழுவ நன்னீர் பெருமளவு வேண்டும். கழுவிய நீர் வெளியேற வடிகாலும் வேண்டும்.

வடியும் நீர் வீண்போவதன்று. குளங்கள் தொடராக அமைந்த இடங்களில், மேல்வயலின் வடிநீர் கீழ்க்குளத்தை அடைந்து, அயலவரின் வயலுக்கு மீண்டும் பாய்கின்றது. ஆகவே பசளையிட்ட பின்னும் மருந்து தெளித்த பின்னும் சில நாட்களுக்கு வயல் நீரை வெளியே விடாதீர்கள். உங்கள் பசளை உங்கள் பயிருக்கே பயன்படும், கீழ்க்குளமும் மாசுபடாது.

காலபோக விதைப்பிற்கு முன்னரே வடிகாலிலுள்ள புல்லையும் வண்டலையும் அகற்றுங்கள். மரக்கறிகளை உயர்ந்த பாத்திகளில் நடுங்கள். நெல் அறுவடைக்கு 10 முதல் 14 நாட்களுக்கு முன் வயல் நீரை வடித்துவிடுங்கள். வடிகாலை மறித்து வரம்பு கட்டாதீர்கள்; கட்டினால் மேலுள்ளவரின் வயல் மூழ்கும், கீழுள்ளவருக்கு நீர் குறையும்.

வடிகால் ஒருவருடையதன்று, அதில் வயல் தொடுத்திருக்கும் அனைவரும் ஒரே நாளிற் கூடித் துப்புரவாக்குவதே சிறந்தது.