உடைந்ததா, முறிந்ததா, அறுந்ததா?

திருமலைக்குப் போய்வந்தவர்களுக்கு 'பிரேக் தரிசனம்' என்றால் விளக்கம் தேவைப்படாது. சிபாரிசுக் கடிதம் கொண்டுவந்தவர்களுக்கும், ஸ்ரீவாணி அறக்கட்டளைக்குப் பத்தாயிரம் ரூபாய் காணிக்கை செலுத்தியவர்களுக்கும் உள்ள வழி அது. பொது வரிசையைச் சற்று நிறுத்தி இவர்களை உள்ளே விடுவார்கள். தரிசனம் முடித்து, 1944-ல் திறந்த பழைய மலைப்பாதையில் இறங்கும்போது, பஸ் டிரைவர் வளைவுக்கு வளைவு மிதிப்பதும் பிரேக்தான். இங்கிலீஷில் இவை எழுத்துக்கூட்டு வேறான இரண்டு சொற்கள். நம் எழுத்தில் ஒன்றாகிவிட்டன. இறங்கிவந்து டீக்கடையில் நின்றால் டி.வி.யில் பிரேக்கிங் நியூஸ்.

வண்டியின் பிரேக்கை விட்டுவிடுவோம். இன்னொரு பிரேக் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கண்ணாடி பிரேக் ஆகும், கிளை பிரேக் ஆகும், கயிறு பிரேக் ஆகும், பொழுதுகூட பிரேக் ஆகும். கொடுத்த வாக்கு, பிடித்த விரதம், ஓட்டப்பந்தயச் சாதனை எல்லாவற்றுக்கும் இங்கிலீஷ்காரருக்கு அந்த ஒரு சொல் போதும். நொறுங்குவதற்கும் விரிசல் விடுவதற்கும் அவர்களிடம் தனிச்சொற்கள் இருக்கின்றன, துணி கிழிவதற்கும் தனிச்சொல் உண்டு. ஆனால் அவற்றைத் தேடாமலே பேச்சு நடந்துவிடும்.

தமிழில் அப்படி நடக்காது. கண்ணாடி உடையும், கிளை முறியும், கயிறு அறும். "கயிறு உடைஞ்சுபோச்சு" என்று ஒரு குழந்தை சொன்னால், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் உடனே திருத்துவாள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு சொல் நம்மிடம் இல்லை. பொருள் எது என்று தெரியாமல் வாயைத் திறக்கவே முடியாது.

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கம் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில், பல சமயம் ஒரே வீட்டில் புழங்குகின்றன. அங்கே தெலுங்கில் கேட்டுப் பாருங்கள். கண்ணாடி பகிலிந்தி, கொம்மை விரிகிந்தி, தாடு தெகிந்தி. சொற்கள் வேறு, பங்கு பிரித்த விதம் ஒன்று. பகிலிந்தி என்பதில் நம்முடைய 'பகு' ஒளிந்திருக்கிறது. பரோவும் எமனோவும் 1961-ல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இரண்டையும் ஒரே வேரின் கீழ் வைக்கிறது. அதே திருமலை வரிசையில் நிற்கும் வடநாட்டுப் பக்தர் கண்ணாடிக்கும் கிளைக்கும் கயிற்றுக்கும் 'டூட் கயா' என்று ஒரே சொல்லால் சொல்லிவிடுவார்.

இதை மொழியியலார் உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார்கள். வெட்டுவது, உடைப்பது, கிழிப்பது ஆகியவற்றுக்கான வினைச்சொற்களை இந்தியிலும் தமிழிலும் ஒப்பிட்டு 2007-ல் புவனா நரசிம்மன் ஒரு கட்டுரை எழுதினார். இரு மொழிகளும் பெருமளவு ஒத்துப்போகின்றன. வேறுபடும் இடங்களில் கையிலுள்ள கருவியும் எதிரிலுள்ள பொருளும்தான் காரணம் என்பது அவர் கண்டது. அதற்கும் முன்னால், 1970-ல், சார்லஸ் ஃபில்மோர் என்ற அமெரிக்க அறிஞர் அடிக்கும் வினையையும் உடைக்கும் வினையையும் பிரித்துக் காட்டினார். அடித்தேன் என்றால் கை பட்டது மட்டும் தெரியும், பொருள் என்ன ஆயிற்று என்று தெரியாது. உடைத்தேன் என்றால் பொருளின் கதி தெரிந்துவிடும்.

இந்த நுட்பத்தைத் திருமலையில் கோயிலுக்கு எதிரே அகிலாண்டத்தில் நின்று காதாலேயே கேட்கலாம். தமிழ்க் குடும்பம் அங்கே தேங்காய் உடைக்கும். பக்கத்தில் நிற்கும் ராயலசீமைக் குடும்பம் 'டெங்காய கொட்டும்'. கொட்டு என்றால் அடி. காய் ஒன்று, கல் ஒன்று, கற்பூர வாசனையும் ஒன்று. நம் பேச்சு தேங்காய்க்கு ஆனதைச் சொல்கிறது, அவர்கள் பேச்சு கை செய்ததைச் சொல்கிறது.

பங்கீடு ஒன்றாக இருந்தாலும் சில இடங்களில் வழி பிரியும். 2021 நவம்பரில் கொட்டிய மழையில் திருப்பதிக்கு அருகே ராயலசெருவு ஏரிக்கரையில் கசிவு கண்டு, கீழேயிருந்த ஊர்களைக் காலி செய்யச் சொன்னார்கள். மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காத்தார்கள். அந்த நாட்களில் தமிழ் பேசுகிறவர்களின் பயம், ஏரி 'உடைந்துவிடுமோ' என்பது. தெலுங்கில் அதே பயம், செருவு 'தெகிபோதுந்தா' என்பது. கயிறு அறுவதற்குச் சொல்லும் அதே வினை! நாம் ஏரியை நீர் நிறைந்த கலமாகப் பார்க்கிறோம். அவர்கள் கண்ணில் நீளமான கரைதான் முதலில் படுகிறது போலும். இது என் ஊகம்தான், ஆனால் ஏரிக்கரையில் நடந்து பார்த்தால் இரண்டும் சரியென்றே படும்.

எனக்கு மிகவும் பிடித்தது விஷத்தின் கதை. நாம் விஷமுறிவு என்கிறோம், விஷத்தைக் கிளைபோல் முறிக்கிறோம். தெலுங்கில் மாற்றுமருந்துக்கு 'விருகுடு' என்று பெயர். கொம்மை விரிகிந்தி என்றோமே, அதே விருகு. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்காமலே இரண்டு மொழிக்காரர்களும் விஷத்தை முறிக்கத்தான் வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். ஆனால் பாலைக் காய்ச்சும்போது நம் வீட்டில் பால் திரியும், அவர்கள் வீட்டில் பால் 'விருகும்'.

வாக்குக்கு வருவோம். சித்தூர் மாவட்டத்துக் காணிப்பாக்கம் விநாயகர் சத்தியத்துக்குப் பேர்போனவர். அவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆட்கள் அஞ்சுகிறார்கள். அங்கே போய்ச் சத்தியத்தை 'உடைத்தான்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நாம் சொல் தவறினான் என்போம், தெலுங்கர் 'மாட தப்பாடு' என்பார்கள். வாக்கு என்பது நடக்கவேண்டிய பாதை, அதிலிருந்து ஆள் விலகுகிறான் என்பதே இரு மொழிகளின் எண்ணமும். அதனால்தான் மொழிபெயர்ப்புச் செய்திகளில் 'வாக்குறுதியை உடைத்தார்' என்று வரும்போது காது கூசுகிறது. விரதத்தை முடிக்கிறோம், சட்டத்தை மீறுகிறோம், சாதனையை முறியடிக்கிறோம். பொழுது விடிகிறது. மனம் மட்டும் நம்மிடமும் உடையும், அது கடன் வாங்கியதல்ல.

இத்தனையையும் சொல்லக் காரணம் ஒரு கவலை. ஸ்கூலிலிருந்து வரும் பிள்ளைகள் இப்போது எல்லாவற்றையும் 'பிரேக் ஆயிடுச்சு' என்கிறார்கள். பென்சில் பிரேக், செருப்பு வார் பிரேக், அப்பளமும் பிரேக். இங்கிலீஷ் படிப்பதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை, நன்றாகவே படிக்கட்டும். ஆனால் மூன்று மொழி கேட்டு வளரும் சித்தூர்ப் பிள்ளைக்கு அந்த ஒரு சொல்லோடு நின்றுபோவது பெரிய இழப்பு. அவனைச் சுற்றி ஒடி, முறி, அறு, கிழி, நொறுங்கு, விள்ளு என்று எத்தனை வினைகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன!

புத்தகம் வாங்க வேண்டாம், தனி வகுப்பும் வேண்டாம். அடுத்தமுறை பிள்ளை அப்படிச் சொன்னால், எது என்று கேளுங்கள். அந்தப் பொருளைக் கையில் வாங்கிக்கொண்டே சொல்லைச் சொல்லுங்கள். பென்சில் முனை ஒடிஞ்சுபோச்சு, செருப்பு வார் அறுந்துபோச்சு, அப்பளம் நொறுங்கிப்போச்சு. வீட்டில் தெலுங்கு பேசும் பாட்டி இருந்தால், அவர் சொல்லையும் பக்கத்திலேயே சொல்லச் சொல்லுங்கள்.