கண்ணும் கடைமடையும்



இப்பேச்சைக் கேட்கும் நீங்கள், இருந்த இடத்திலேயே ஒரு சிறு சோதனை செய்து பார்க்குமாறு வேண்டுகிறேன். இடக் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரு கைகளையும் முன்னே நீட்டி, கட்டை விரல்கள் இரண்டையும் நிமிர்த்தி ஒட்டினாற்போல் நிறுத்துங்கள். வலக் கண்ணால் இடக்கைக் கட்டை விரலின் நுனியையே உற்று நோக்கிய வண்ணம், வலக் கையை மட்டும் மெல்ல மெல்ல வலப்புறம் நகர்த்துங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த தொலைவு சென்றதும் அக்கை விரலின் நுனி காணாமற் போகும். இன்னும் நகர்த்தினால் மீண்டும் தோன்றும்.

விரல் மறைந்த இடத்தில் கருந்திட்டு ஏதேனும் தெரிந்ததா? இல்லை. பின்னாலுள்ள சுவரே அங்கும் தொடர்ந்திருப்பது போல மூளை இட்டு நிரப்பிவிடுகிறது. நம் ஒவ்வொரு கண்ணிலும் பிறந்த நாள் முதல் இப்படி ஒரு பொத்தல் இருந்தும் நாம் அதனை அறிந்தோமில்லை. விழித்திரையிலிருந்து புறப்படும் பத்து லட்சத்துக்குக் குறையாத நரம்பிழைகள் ஒன்றுகூடிப் பார்வை நரம்பாகத் திரண்டு, மூளையை நோக்கி வெளியேறும் வாயில் அது. அதன் குறுக்களவு ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர். கிளாக்கோமா என்னும் நோய் அழிவு செய்யும் இடம் இச்சிறு வாயிலேயாகும்.

கிளாக்கோமாவைக் கண்ணழுத்த நோய் என்று நாம் வழங்குகிறோம். கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிநீர் ஓயாமல் ஊறி, ஓயாமல் வடிகிறது. வடிகால் அடைபட்டால் நீர் தேங்கிக் கண்ணுக்குள் அழுத்தம் மிகும். மிகுந்த அழுத்தம் நரம்பிழைகளை நசுக்கும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரையிலான அழுத்தம் இயல்பானது என்பர். மருத்துவக் கல்லூரியில் உடலியல் கற்பிக்கும் நானும் நெடுங்காலம் இவ்வளவே செய்தி என்று எண்ணியிருந்தேன். என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்று அவ்வெண்ணத்தை மாற்றியது.

என் சிறிய தந்தையார் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னர் அச்சுப்படி திருத்தும் வேலையை விரும்பி மேற்கொண்டார். ஒற்றுப்பிழை ஒன்றுகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. எழுபது வயதை நெருங்கியபோது வரியின் இடையே எழுத்துகளை விடத் தொடங்கினார். நாற்பது ஆண்டுகள் குனிந்து நுழைந்து பழகிய வீட்டு நிலைவாயிலில் அடிக்கடி தலையை இடித்துக்கொண்டார். முதுமை என்றோம். கண்ணின் அழுத்தத்தை அளந்தார்கள். 15 என வந்தது. "குறை ஏதுமில்லை, கண்ணாடியை மாற்றினால் போதும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

இதில் என் பங்கும் உண்டு. அவர் இரத்தக் கொதிப்புக்கு மருந்து உண்டு வந்தார். ஊருக்குச் செல்லும்போதெல்லாம் நானே இரத்த அழுத்தத்தை அளந்து, அளவு குறையக் குறைய மகிழ்ந்தேன். காலையில் மறந்துவிடுகிறார் என்பதற்காக, எல்லா மாத்திரைகளையும் படுக்கப் போகும்போது சேர்த்து விழுங்குமாறு சொல்லி வைத்தவனும் நானே.

இரண்டு ஆண்டு கழித்து வேறொரு கண் மருத்துவர் பாவையை விரித்து உள்ளே நோக்கினார். நரம்பு வாயில் ஆழமாகக் குழிந்திருந்தது. அதன் விளிம்பில் தீச்சுடர் வடிவாக ஒரு சிறு இரத்தக் கீற்று இருந்தது. பார்வைப் பரப்பை அளந்தபோது இரு கண்களிலும் மேற்பாதியில் பெரும்பகுதி போய்விட்டிருந்தது. நிலைவாயில் இடித்ததன் காரணம் அதுவே. மருத்துவர் என்னைப் பார்த்து, "இரவில் இவருடைய இரத்த அழுத்தம் எவ்வளவு?" என்று வினவினார். என்னிடம் விடை இல்லை. பகலில் அளந்தேனேயன்றி இரவில் அளந்தவன் அல்லேன்.

கண்ணின் அழுத்தம் மிகாமலே நரம்பு குழியக்கூடும் என்பது புதிய செய்தியன்று. கண்ணின் உட்புறத்தை உயிருள்ள மனிதரிடத்தே காண்பதற்கான ஆப்தல்மாஸ்கோப் என்னும் கருவியை ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் உலகுக்கு அளித்தார். அதன் வழியே நோக்கிய பெர்லின் மருத்துவர் ஆல்பிரெக்ட் வான் கிரேஃபே, நோயுற்ற நரம்பு வாயில் புடைத்திருப்பதாக 1854இல் எழுதினார். உண்மையில் அது புடைப்பன்று, குழி. ஒற்றைக் கண்ணால் நோக்கும்போது குழியும் மேடும் மயங்கித் தோன்றுமன்றோ? விரைவிலேயே தம் பிழையை அவர் திருத்திக்கொண்டார். அந்நேர்மை என்னைக் கவர்ந்தது. கண்ணைத் தொட்டால் கெட்டிப்பட்டிராத சிலரிடத்தும் இதே குழிவைக் கண்டு, 1857இல் அதனையும் அவர் எழுதி வைத்தார். ஆயினும் கருவியால் அளக்கத்தக்கது அழுத்தம் ஒன்றே ஆனபடியால், பின்வந்தோர் பலர் அழுத்தத்தையே நோயென்று கொண்டார்கள்.

ஜப்பானில் தஜிமி என்னும் நகரில் 2000-2001இல் ஆய்வு நடத்தினார்கள். அங்கே வடிகால் திறந்திருக்கும் வகைக் கிளாக்கோமா உடையவர்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றிருவரிடம் அழுத்தம் 21க்கு மேற்படவில்லை. அழுத்தத்தை மட்டும் அளந்து திரும்பியிருந்தால் இவர்கள் எல்லாரும் என் சிறிய தந்தையாரைப் போலவே வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள்.

அப்படியானால் நரம்பை அழிப்பது யாது? இங்கேதான் இதயமும் இரத்தக் குழாய்களும் வருகின்றன. தஞ்சை மாவட்டத்து மாணவர்களுக்குக் கடைமடை என்றால் விளக்க வேண்டியதில்லை. ஆற்றில் நீர் குறைந்தால் தலைமடையார் எப்படியோ சமாளிப்பார்கள். முதலில் காய்வது கடைமடை. பார்வை நரம்பின் வாயில் அத்தகைய கடைமடை. கழுத்துத் தமனியிலிருந்து கண் தமனி பிரிகிறது. அதிலிருந்து சிலியரித் தமனிகள் என்னும் மெல்லிய கிளைகள் பிரிந்து கண்ணின் பின்புறத்தைத் துளைத்து அவ்வாயிலுக்கு இரத்தம் பாய்ச்சுகின்றன. ஒரு கிளையின் பாசனம் முடிந்து மறு கிளையின் பாசனம் தொடங்கும் எல்லைப் பகுதி, பலருக்கு நரம்பு வாயிலை ஒட்டியே அமைந்துவிடுகிறது. இதனை ஆராய்ந்து காட்டியவர், பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோகன் சிங் ஹேரே.

வயலின் மேட்டைத் தாண்டி நீர் ஏற வேண்டுமாயின் வாய்க்காலில் மட்டம் உயர்ந்திருத்தல் வேண்டும். கண்ணின் அழுத்தம் அந்த மேடு; இரத்த அழுத்தம் வாய்க்காலின் மட்டம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே நரம்பை ஊட்டுவது. இரத்த அழுத்தத்தின் கீழளவு 80, கண்ணழுத்தம் 15 என்றால் மிச்சம் 65. இம்மிச்சம் 30க்கும் கீழே இருந்தவர்களிடம் கிளாக்கோமா ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்திருந்ததாக, அமெரிக்காவின் பால்டிமோர் நகர ஆய்வு 1995இல் தெரிவித்தது.

உறங்கும்போது பெரும்பாலோருக்கு இரத்த அழுத்தம் பத்து முதல் இருபது விழுக்காடு இறங்கும். படுத்த நிலையிலோ கண்ணின் அழுத்தம் ஏறும். வாய்க்கால் தாழ்கிறது, மேடு உயர்கிறது. படுக்கும் வேளையில் உண்ட மாத்திரையும் சேர்ந்துகொண்டால் இறக்கம் அளவு கடந்து போகலாம் என்பதை ஹேரே 1994இல் எடுத்துக்காட்டினார். என் சிறிய தந்தையாரின் கையில் கருவியைக் கட்டி ஒரு நாள் முழுதும் அளந்தோம். விடியற்காலை மூன்று மணிக்கு அவருடைய இரத்த அழுத்தத்தின் கீழளவு 46. அவர் பார்வையைக் கெடுத்தது அது ஒன்றே என அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. எனினும் அந்த எண்ணைக் கண்ட இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இதைக் கேட்டுவிட்டு உங்கள் வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைகளை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கில் கட்டுப்படாத இரத்தக் கொதிப்பு குழாய்களைத் தடிக்கச் செய்து, பாசனத்தை வேறு வழியில் கெடுக்கும். மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கொணரும். வேளையையும் அளவையும் மாற்றுவது மருத்துவர் பொறுப்பு. நாம் செய்யத்தக்கது, கண் மருத்துவரிடம் இதய மருந்துகளையும், இதய மருத்துவரிடம் கண் நோயையும் மறவாமல் சொல்வது. கண்ணில் இடும் டிமொலால் சொட்டு மருந்துகூட மூக்கின் வழியாக இரத்தத்தில் கலந்து நாடித் துடிப்பைத் தளர்த்தும். ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத் திணறலும் உண்டாக்கும். இடையே சிரசாசனம் பயில்வோருக்கும் ஒரு சொல்: தலைகீழாக நிற்கும்போது கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று சென்னைச் சங்கர நேத்திராலயா மருத்துவர்கள் 2006இல் அளந்து காட்டினார்கள். நோயுள்ளவர்க்கு அவ்வாசனம் ஆகாது.

இனி நரம்பு மண்டலம். விரலில் அறுபட்ட நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதம் மீண்டும் வளரும். பார்வை நரம்பு அவ்வாறு வளராது. ஏனெனில் அது கருவிலேயே மூளையிலிருந்து முளைத்து நீண்ட ஒரு பகுதி. மூளையின் இழைகளுக்கு உள்ள குறை அதற்கும் உண்டு. கிளாக்கோமாவில் அழிவு கண்ணோடு நிற்பதுமில்லை. பார்வைச் செய்தியை மூளையில் ஏற்று அனுப்பும் நிலையமும், பின்மண்டையிலுள்ள பார்வைப் புறணியும் மெலிந்திருந்ததை, இறந்த நோயாளி ஒருவரின் மூளையில் டொராண்டோ ஆய்வாளர்கள் கண்டு 2006இல் வெளியிட்டார்கள். ஆதலால் மறதி நோய்க்குத் தரும் மெமன்டின் என்னும் மருந்து இந்நரம்பையும் காக்குமா என்று இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவரிடம் நான்கு ஆண்டு சோதித்தார்கள். காக்கவில்லை என்ற முடிவு 2018இல் வந்தது.

எஞ்சியிருக்கும் உறுதியான வழி, மேட்டைத் தாழ்த்துவதே. கண்ணழுத்தம் இயல்பாக இருந்தவர்களிடத்தும் அதனை 30 விழுக்காடு குறைத்தபோது, நோய் முற்றியவர்கள் நூற்றுக்குப் பன்னிருவர். மருந்தின்றி விடப்பட்டவர்களில் முப்பத்தைவர். இது 1998இல் வெளியான ஆய்வு. என் சிறிய தந்தையாருக்கும் அழுத்தத்தைப் பத்துக்கு இறக்கினார்கள். மாத்திரைகளைக் காலைக்கு மாற்றினார்கள். மூன்றாண்டாகப் பார்வை இருந்தபடியே இருக்கிறது. போன பாதி திரும்பவில்லை. அச்சுப்படியைத் தாழ்வாக வைத்துக்கொண்டு, வரிக்கு வரி அளவுகோலை நகர்த்தித் திருத்துகிறார். என்மீது ஒரு சொல்லும் குறை கூறியதில்லை.

பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு மிகுதி. தமிழ்நாட்டில் நடந்த ஆய்வுகளில் கண்டறியப்பட்டோருள் பத்தில் ஒன்பதின்மருக்கு மேல் தமக்கு நோயிருப்பதை அதுவரை அறியாதவர்கள். சிறிய தந்தையாரின் மகளுக்கு நாற்பத்து நான்கு வயது. எந்தக் குறையும் உணராதவள். சென்ற ஆண்டு வற்புறுத்தி அழைத்துச் சென்றேன். "நன்றாகத்தானே தெரிகிறது, அண்ணா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். வலக் கண்ணின் நரம்பு வாயிலில் குழிவு தொடங்கியிருந்தது. அன்றிரவே சொட்டு மருந்து இடத் தொடங்கினாள்.