சித்திரமா? வைத்தியமா?

(பள்ளிப் படிப்பை முடித்த மாணவ மாணவிகள் கூட்டமொன்றில் பேசியது)



பள்ளிப் படிப்பு முடிந்த பிறகு என்ன படிப்பது, எந்தத் தொழிலுக்குப் போவது என்னும் விஷயமாய் நாலு வார்த்தை சொல்லும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இதைப் பற்றிப் பேச நமக்கு விசேஷ யோக்கியதை ஒன்றும் கிடையாது. நாம் வைத்தியருமல்ல, சித்திரக்காரருமல்ல. ஆனாலும் சென்ற வாரம் நம்மைத் தேடி வந்த ஒரு தகப்பனாரும் அவர் மகளும் இன்றையப் பேச்சுக்கு வேண்டிய விஷயத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

தகப்பனார் தையற்காரர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர். உடற்கூறு பாடத்தில் நல்ல மார்க்கு. அதைவிட நன்றாய்ப் படம் வரைகிறார். டாக்டர் படிப்புக்கு இவ்வருஷம் இடம் கிடைக்கவில்லை. வீட்டிலோ எழவு விழுந்த மாதிரி இருக்கிறதாம். "படம் வரைகிற தொழிலுக்குப் போகிறேன்" என்று பெண் சொல்ல, தகப்பனார், "கையை நம்பிப் பிழைத்தது என்னோடு போகட்டும், ஐயா. இவள் டாக்டராகாவிட்டால் நான் இத்தனை வருஷம் மிஷின் மிதித்ததற்கு என்ன அர்த்தம்? நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்றார்.

தோழர்களே! அந்தத் தகப்பனாரை நாம் பரிகாசம் செய்யவில்லை. தையற்காரரை "வாப்பா" என்றும் டாக்டரை "வாங்க, ஐயா" என்றும் கூப்பிடுகிற ஊரில் இருந்துகொண்டு அவர் வேறெப்படிச் சொல்லுவார்? கையால் செய்கிற வேலையெல்லாம் கீழ், உட்கார்ந்து வாயால் ஓதுகிற வேலையெல்லாம் மேல் என்று நமக்கு நெடுங்காலமாய்ச் சொல்லிவைத்திருக்கிறார்கள். இந்தப் புத்தி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமல்ல. ஐரோப்பாவில் வைத்தியக் கல்வியையே இது பல நூறு வருஷம் பாழாக்கியிருக்கிறது.

அங்கே பிணத்தை அறுத்துக் காட்டும் வகுப்பில் பண்டிதர் உயர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து, கேலன் என்னும் பழைய கிரேக்க வைத்தியர் எழுதிய ஏட்டை ஓதுவார். கீழே நாவிதர் ஒருவர் பிணத்தை அறுப்பார். ஓதுகிறவர் பிணத்தைத் தொடமாட்டார். அறுக்கிறவருக்கோ ஏடு தெரியாது. கேலன் குரங்கு, பன்றி முதலிய மிருகங்களை அறுத்துப் பார்த்து எழுதியவர். மனிதனுடைய கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று அவர் எழுதிவிட்டார். ஏறக்குறைய 1,300 வருஷம் அதுவே சட்டமாயிருந்தது. கண்ணெதிரே ஒரே எலும்பு கிடந்தாலும், ஏடு இரண்டு என்று சொல்லும்போது கண்ணை நம்பலாமா?

வெசாலியஸ் என்பவர் ஆசனத்தை விட்டுக் கீழே இறங்கினார். தன் கையாலேயே அறுத்தார். கண்டதைக் கண்டபடி கைதேர்ந்த ஓவியர்களைக் கொண்டு எழுதுவித்து, 1543-ல் பாஸல் நகரில் புத்தகமாக அச்சிட்டார். அப்போது அவருக்கு வயது 28. கேலன் மேல் வைத்திருந்த குருட்டு பக்தியை ஆட்டிவைத்தது வாதத்தைவிட அந்தப் படங்கள்தான். படத்தைப் பார்த்தவன் தானே சோதித்துப் பார்க்கலாமல்லவா? ஆகவே, சித்திரம் வைத்தியத்துக்கு அலங்காரமல்ல. அது வைத்தியத்தின் ஓர் அங்கம் என்பதை முதலில் மனதில் வையுங்கள்.

நிற்க. "இது பழங்கதை, இதில் பிழைப்பு உண்டா?" என்று பெற்றோர் கேட்பீர்கள். கேட்கவேண்டியதுதான். மாக்ஸ் புரோடல் என்பவர் ஜெர்மனியில் லைப்சிக் நகரத்துச் சித்திரப் பள்ளியில் படித்தவர். 1894-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் வைத்தியசாலைக்குப் படம் வரையப் போனார். டாக்டர் சொன்னதை அப்படியே வரைந்து கொடுத்துவிட்டுச் சம்பளம் வாங்கிக்கொண்டு போகவில்லை. தனக்கு விளங்காத உறுப்பை வரைவதில்லை என்று, தானே அறுத்து, ஆராய்ந்து, விளங்கிய பிறகே பென்சிலை எடுத்தார். அப்படிச் சிறுநீரகத்தை வரையப் புகுந்தவர், அதில் இரத்தக் குழாய்கள் குறைவாயுள்ள ஒரு கோடு இருப்பதைக் கண்டார். கத்தி வைக்கிற டாக்டர்களுக்கு அது வழிகாட்டியாயிற்று. இன்றும் அந்தக் கோட்டுக்கு அந்தச் சித்திரக்காரர் பேர்தான்! 1911-ல் அந்தக் கலாசாலையிலேயே வைத்தியச் சித்திரத்துக்கென்று தனி இலாகா ஏற்பட்டு, அவரே அதற்குத் தலைவரானார். அவரிடம் படித்த மாணவர்கள் வேறு ஊர்களிலும் இக்கல்வியைப் பரப்பினார்கள்.

டாக்டராகி, பிறகு சித்திரத்துக்குத் திரும்பியவரும் உண்டு. பிராங்க் நெட்டர் என்பவர் நியூயார்க்கில் படம் வரைந்து பிழைத்தவர். குடும்பத்தார் பிடிவாதத்தினால் வைத்தியம் படித்து 1931-ல் பட்டம் பெற்றார். பணமுடைக் காலத்தில் நோயாளியிடம் கிடைத்ததைவிடப் படத்துக்குக் கிடைத்த கூலி அதிகமாயிருந்தது. சுமார் 4,000 படங்கள் வரைந்தார். 1989-ல் வந்த அவருடைய உடற்கூறு படப் புத்தகத்தைப் பார்க்காத வைத்திய மாணவர் அபூர்வம்.

இனி, சித்திரம் என்றால் தூரிகையும் வர்ணமும் மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். எழுத்து, பேச்சு, நாடகம், சினிமா, ரேடியோ எல்லாம் இதில் சேரும். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கேந்திய தேவதை என்று படத்தில் மாட்டி வணங்குகிறோம். அவர் செய்த பெரிய காரியமோ கணக்கு. கிரிமியா யுத்தத்தில் குண்டடியால் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய வியாதியால் செத்த சிப்பாய்களே அதிகம் என்பதை 1858-ல் வர்ணப் படமாகப் போட்டு, எண்களைப் படிக்க மாட்டாத பெரிய மனிதர்களின் கண்ணில் குத்தினார்.

இன்னும் கிட்டத்தில் பாருங்கள். வங்காள தேசத்தில் வயிற்றுப்போக்கினால் குழந்தைகள் கூட்டங்கூட்டமாய் மாண்டுகொண்டிருந்தன. மருந்து உப்பும் வெல்லமும் தண்ணீரும்தான். ஆனால், எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கு அளவை எப்படிச் சொல்லுவது? மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாயின் கையையே அளவுகோலாக்கினார்கள். 1980 முதல் பத்து வருஷத்தில் பிராக் என்னும் ஸ்தாபனத்தின் பெண் ஊழியர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய் இதைக் கற்பித்தார்கள். அவர்களுக்குக் கூலி எப்படித் தெரியுமா? பிறகு வேறொருவர் போய்த் தாய்மாரை விசாரிப்பார். தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதற்குத் தக்கபடிதான் கூலி! நம் ஊர்ப் பிரசங்கிகளுக்கு இந்த முறையில் சம்பளம் கொடுத்தால் எத்தனை பேர் பட்டினி கிடப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். (சிரிப்பு)

நம் நாட்டில் இதற்குத் தேவையில்லையா? நமக்குத் தெரிந்த ஓர் அம்மையார், சர்க்கரை வியாதிக்காரர், வைத்தியசாலையில் கொடுத்த சீட்டு ஒரு எழுத்தும் புரியாமல், காலைக்கும் இரவுக்கும் உரிய மாத்திரைகளை ஒரே வேளையில் விழுங்கி மயங்கி விழுந்தார். டாக்டர் தப்பாக மருந்து கொடுக்கவில்லை, மருந்தும் தப்பல்ல. நடுவில் சொல்லவேண்டியவர் ஒருவர் இல்லை. சீட்டில் ஒரு சூரியனும் ஒரு சந்திரனும் வரைந்திருந்தால் போதுமே! அந்தச் சூரியனையும் சந்திரனையும் வரைகிறவர் எந்த டாக்டருக்குக் குறைந்தவர்?

தாய்பாஷையில் வைத்தியம் சொல்ல முடியாது என்பாருக்கும் ஒரு பதில். சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, வைத்திய நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே படிப்பித்து டாக்டர்களை உண்டாக்கினார். அந்நியர் ஒருவர் செய்ததை நாம் செய்ய முடியாதா? சென்னையில் 1850-ல் சித்திரப் பள்ளியைத் தொடங்கிய அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவரும் ஒரு டாக்டர்தான். ஆகவே, இவ்விரண்டுக்கும் நம்மிடையே பழைய உறவு உண்டு.

இனி எச்சரிக்கை. கைத்திறமை மாத்திரம் போதாது. வியன்னாவில் பெர்ன்கோப் என்பவர் 1937 முதல் வெளியிட்ட உடற்கூறு படங்களைப்போல் அழகானவை கிடையாது என்று டாக்டர்களே மெச்சினார்கள். அவர் நாஜி. ஓவியர்களில் சிலர் கையெழுத்தோடு நாஜிச் சின்னத்தையும் போட்டார்கள். 1998-ல் அந்தச் சர்வகலாசாலையே நடத்திய விசாரணை, கொலைத்தண்டனை பெற்ற 1,377 பேருக்குக் குறையாதவர்களின் உடல்கள் அந்நிலையத்துக்கு வந்ததாகத் தெரிவித்தது. படம் அழகுதான், அதில் இருப்பது யாருடைய உடம்பு என்று கேட்காத கை, கையா?

அவ்வளவு தூரம் போகவேண்டாம். உங்கள் தொழிலில் முதலில் உங்களைத் தேடி வருகிறவன் பொய் மருந்துக்காரனாயிருப்பான். தாயத்து, மந்திரம், கவசம் இவற்றால் வியாதி தீரும் என்று விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே சட்டம் வந்தது. இருந்தும் அந்த வியாபாரம் நின்றபாடில்லை. நல்ல பணம் தருவான். நல்ல படமும் கேட்பான். அன்றைக்கு "முடியாது" என்று சொல்லப் பழகாதவர்கள் இத்தொழிலுக்கு வரவேண்டாம்.

மற்றொரு குறையும் உண்டு. இதுவரை படம் என்றால் வெள்ளைக்காரர் உடம்புதான். 2021-ல் நைஜீரியாவின் சிடியெபெரே இபே என்னும் வாலிபர் கறுப்புச் சிசுவைக் கறுப்புத் தாயின் வயிற்றில் வரைந்தபோது, இத்தனை காலம் இது நமக்குத் தோன்றவில்லையே என்று உலகமே வியந்தது. நம் தோலில் வரும் தடிப்பு எந்த நிறத்தில் தெரியும் என்று நம் பிள்ளைகள் வரையாமல் வேறு யார் வரைவது?

"இயந்திரமே படம் வரைகிறதே" என்று பயப்படுகிறீர்களா? 2024-ல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் இயந்திரம் வரைந்த எலிப் படம் வந்தது. உறுப்புகள் உலகத்திலில்லாத அளவு. பெயர்களோ எந்தப் பாஷையிலுமில்லாதவை. சில நாளில் கட்டுரையையே வாபஸ் வாங்கினார்கள். அறிந்து வரைகிறவருக்கு வேலை போகாது. அறியாமல் வரைகிறவருக்கு எப்போதும் ஆபத்துதான்.

முடிவாக, ஒளிக்காமல் சொல்லுகிறோம். இதற்கென்றே படிப்புச் சொல்லித்தருகிற இடங்கள் உலகத்திலேயே சொற்பம். சம்பளம் உடனே டாக்டர் அளவுக்கு வராது. ஆதலால், ஒன்றில் அரைகுறையாகவும் மற்றொன்றில் அரைகுறையாகவும் நிற்காதீர்கள். சித்திரப் பள்ளியில் சேருகிறவர்கள் உடற்கூற்றை விடாமல் படியுங்கள். நர்ஸ், மருந்தாளர், டாக்டர் படிப்பில் சேருகிறவர்கள் வரைவதையும் எழுதுவதையும் விடாதீர்கள். வாரம் ஒரு படம் வரைந்து, படிக்காத ஒருவரிடம் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். அவருக்குப் புரியவில்லையென்றால் குற்றம் அவருடையதல்ல.

அந்தத் தையற்காரத் தோழருக்கு நாம் சொன்னதும் இதுதான்: "அளவெடுக்காமல் துணியை வெட்டுவீர்களா? உங்கள் மகள் உடம்பை அளவெடுக்கக் கற்கட்டும், பிறகு வரையட்டும். உங்கள் கையில்தான் அந்த வித்தை இருந்திருக்கிறது, அது வெட்கமல்ல." அவர் ஒன்றும் பதில் சொல்லவில்லை. போகும்போது மகளுடைய படக் கட்டைத் தானே வாங்கி, கசங்காமல் அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.

நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ளவேண்டாம். உங்கள் அறிவைக் கொண்டு யோசித்துச் சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இம்மட்டில் நிறுத்திக்கொள்ளுகிறோம்.