உயர்திணை



இன்றைய இலக்கியப் பேச்சை ஓர் ஒப்புதலோடு தொடங்குகின்றேன். பல ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பொன்றில் திணை, பால் பாகுபாடு கற்பித்துக்கொண்டிருந்தேன். பேடி என்ற சொல்லை விளக்க வேண்டி வந்தது. வகுப்புச் சிரித்தது. பின்வரிசையில் இருந்த மெல்லிய குரலுடைய மாணவன் ஒருவனைச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த சூத்திரத்துக்குப் போய்விட்டேன்.

அந்த மாணவன் வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது என்னைத் தேடி வந்தான். இருவரும் உட்துறைமுக வீதி வழியே நடந்தோம். அவனுடைய தாயார் சாதகத்தோடு அலைவதை அறிவேன். "எப்ப தம்பி கலியாணச் சாப்பாடு?" என்று கேட்டேன்.

"சேர், எனக்குப் பொம்பிளையளில நாட்டமில்லை. அங்கை ஒருத்தரோடை சேர்ந்துதான் சீவிக்கிறன். அம்மாட்டையும் சொல்லிப்போட்டன். ஒரு பிள்ளையைக் கட்டி அவளின்ரை வாழ்க்கையையும் பாழாக்கச் சொல்லுறியளோ?"

எனக்குப் பதில் வரவில்லை. "அம்மா என்ன சொன்னா?" என்றேன். "மூண்டு நாள் கதைக்கேல்லை. நாலாம் நாள், சோறு ஆறுது, வந்து சாப்பிடு எண்டா." சற்று நேரம் கழித்து, "சேர், அண்டைக்கு வகுப்பில நீங்களும் சிரிச்சனீங்கள்" என்றான். குற்றஞ்சாட்டும் குரல் அல்ல அது. அதனாலேயே அதிகம் சுட்டது.

நேயர்களே, இவனைப் போன்ற ஒரு பிள்ளையின் கதையை நம்மவர் ஒருவர் 1994ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் எழுதினார். கொழும்பிலே பிறந்து, 1983 கலவரத்தின் பின் கனடாவிற் குடியேறிய ஷியாம் செல்வதுரையின் 'ஃபனி போய்' என்ற நாவலைத்தான் சொல்கின்றேன். ஆர்ஜி என்ற தமிழ்ச் சிறுவன் மணமகள் வேடமிட்டு விளையாடுகிறான்; பெரியவர்கள் கண்டுகொள்கிறார்கள்; அன்றோடு அந்த விளையாட்டு முடிகிறது. அதே சிறுவன் இனத்தின் பெயரால் வீட்டையும் நாட்டையும் இழக்கிறான். தமிழன் என்பதற்காக வெளியே துரத்தப்பட்டதை நாம் மறக்கவில்லை. வேறு விதமாக அன்பு கொள்பவன் என்பதற்காக நம் வீடுகளுக்குள்ளேயே ஒருவன் ஒதுக்கப்படுவதை மட்டும் ஏனோ காண மறுக்கின்றோம்.

இது நமது பண்பாடு என்பார் உளர். நம் நாட்டில் இத்தகைய உறவைக் குற்றமாக்கியது பிரித்தானியர் தந்த 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இல் தளர்த்தியது. நாமோ 1995இல் திருத்தம் செய்து, ஆண்களை மட்டும் குறித்த பிரிவைப் பெண்களுக்கும் விரித்தோம். அச்சட்டத்தை மாற்றக் கொணர்ந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் தீர்மானித்தது. ஆயினும் அது சட்டமாகவில்லை.

நமது இலக்கணமோ வேறொன்று சொல்கின்றது. பேடி என்பதும் என் மாணவனின் நிலையும் ஒன்றல்ல; அவன் ஆணை விரும்பும் ஆண். எனினும் ஆண், பெண் என்ற வரையறைக்குள் அடங்காதாரைத் தொல்காப்பியர் அஃறிணையில் தள்ளவில்லை, உயர்திணையிலேயே வைத்தார். அந்தச் சூத்திரத்தைக் கற்பித்த நான்தான் அதன் பொருளைக் கற்கவில்லை.

ஒளிக்காமல் வாழ்வது அவனுக்கு எளிதாக இருக்கவில்லை. ஆனால், பொய்யான மணத்தினால் ஒரு பெண் காலமெல்லாம் கண்ணீர் விடாமல் அவனது உண்மை காத்தது. தாய்க்கும் மகனுக்கும் இடையே பொய் இல்லாமற் போயிற்று. வாய்மை என்று நாம் வகுப்பில் விரித்துரைப்பது இதனைத்தானே?

இன்றும் அந்தப் பாடம் வருகின்றது, பிள்ளைகளும் சிரிக்கின்றார்கள். நான் அடுத்த சூத்திரத்துக்குப் போவதில்லை. சிரிப்பு அடங்கும்வரை நின்று, பின்வரிசைக்கும் கேட்கும்படி "இவரும் உயர்திணையே" என்று சொல்லிய பின்னரே பாடத்தைத் தொடர்கின்றேன்.